பழைய லேப்டாப்பில் வைஃபை ஒரு நேரம் வருகிறது, ஒரு நேரம் பெயரையே காணோம்

ஆரணி டிசைன்

எல்லோருக்கும் வணக்கம். ஆரணியில் பட்டுச் சேலைக்கு ஜக்கார்டு (தறியில் டிசைன் விழச் செய்கிற கருவி) டிசைன் போட்டுத் தருவது என் தொழில். முந்தி, பார்டர், புட்டா எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைந்து, எலக்ட்ரானிக் ஜக்கார்டு வைத்திருப்பவர்களுக்கு ஃபைலாக அனுப்புவேன். இன்னமும் அட்டை ஜக்கார்டு ஓட்டுகிறவர்களுக்கு அட்டை குத்தக் கொடுப்பேன்.

இதற்கு வைத்திருப்பது 2012-இல் வாங்கிய லேப்டாப். விண்டோஸ் 7. புதுசு வாங்கிவிடு என்று யாராவது எழுதுவதற்குள் சொல்லிவிடுகிறேன். டிசைன் சாஃப்ட்வேர் ஒரு யூஎஸ்பி லாக் செருகினால்தான் திறக்கும். அந்த லாக்கின் டிரைவர் விண்டோஸ் 7-ஐத் தாண்டி எதிலும் வேலை செய்யவில்லை. புது வெர்ஷனுக்குக் கேட்கிற விலையில் நான் இன்னொரு தறியே போட்டுவிடலாம். அதனால் இதே லேப்டாப்பில்தான் ஓட்டியாக வேண்டும்.

சில மாதம் முன்பு வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு எடுத்தோம். ரூட்டர் தெருப் பக்க ஹாலில் இருக்கிறது. நான் வேலை பார்ப்பது பின்கட்டில், தறி இருக்கிற அறையில். நடுவில் பழைய காலத்துச் சுவர் இரண்டு. வீட்டில் இருக்கிற போன்கள் எல்லாம் பின்கட்டிலும் நன்றாகவே ஓடுகின்றன, லேப்டாப் மட்டும்தான் தகராறு.

சில நாள் எங்கள் வைஃபை பெயரே பட்டியலில் இருக்காது. பக்கத்து வீட்டுக்காரர் பெயர், எதிர்வீட்டுப் பெயர் எல்லாம் தெரியும், நம்முடையது மட்டும் இருக்காது. ரூட்டரை அணைத்துப் போட்டால் சில சமயம் வந்துவிடும்.

வந்தாலும் நிற்காது. ஒரு கோடு, இரண்டு கோடு காட்டும், மஞ்சள் முக்கோணம் வரும், அறுந்துவிடும். ஜன்னல் திட்டில் லேப்டாப்பை வைத்தால் மட்டும் ஓரளவு நிற்கிறது. ஜன்னல் இருப்பது தோட்டப் பக்கம், ரூட்டருக்கு நேர் எதிர்த் திசை. அங்கே எப்படி நன்றாக வருகிறது என்பது எனக்குப் புரியவே இல்லை.

காலையில் திறந்தால் வைஃபை நன்றாக இருக்கும்போதுகூட வெப்சைட் எதுவும் திறக்காது. பாதுகாப்புச் சான்றிதழ் சரியில்லை என்று வரும். வாட்ஸ்அப் வெப் வரவே வராது. காஞ்சிபுரத்திலிருந்து மாதிரிப் படம் அனுப்புகிறவர் போனில் திட்டிக்கொண்டிருப்பார்.

பாஸ்வேர்டு அழித்துத் திரும்பப் போட்டாயிற்று. பக்கத்தில் ஒரு கடையில் கொடுத்தேன், டிரைவர் போட்டுவிட்டு 400 ரூபாய் வாங்கினார்கள். இரண்டு நாள் நன்றாக இருந்தது, திரும்பவும் அதே கதை. இன்னொரு கடையில் மதர்போர்டு போய்விட்டது என்கிறார்கள்.

வேறு விவரம் ஏதாவது வேண்டுமா என்று தெரியவில்லை. பேட்டரி உப்பிவிட்டதால் கழற்றி எடுத்தாயிற்று, நேரடியாக சார்ஜரில்தான் ஓடுகிறது. போன தீபாவளி சமயத்தில் மூடியின் கீல் உடைந்து, ஸ்க்ரூ போட்டு ஒட்டிக் கொடுத்தார்கள். மற்றபடி லேப்டாப் நல்ல நிலையில் இருக்கிறது.

---

டெக் தம்பி

ப்ரோ, 2012 லேப்டாப்பெல்லாம் மியூசியத்துக்குக் கொடுங்க. விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு ஆதரவை நிறுத்திவிட்டது. புதுசில் விர்ச்சுவல் மெஷின் (கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர் மாதிரி ஓடுகிற சாஃப்ட்வேர்) போட்டு அதற்குள் விண்டோஸ் 7 ஓட்டலாமே?

---

காட்பாடி ஹாஸ்டல்

விர்ச்சுவல் மெஷினில் இந்த மாதிரி யூஎஸ்பி லாக் எல்லா நேரமும் ஒத்துழைக்காது. தொழில் பண்ணுகிறவரிடம் அதை முயற்சி பண்ணச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

அண்ணா, சுலபமான ஒன்றை முதலில் பார்த்துவிடுங்கள். டிவைஸ் மேனேஜரைத் திறந்து, நெட்வொர்க் அடாப்டர்ஸ் என்பதன் கீழ் வயர்லெஸ் கார்டை வலது கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் போங்கள். பவர் மேனேஜ்மென்ட் என்று ஒரு தாவல் இருக்கும். மின்சாரத்தை மிச்சப்படுத்த இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்று ஒரு டிக் இருக்கும், அதை எடுத்துவிடுங்கள். பழைய கார்டுகள் பல தூங்கப் போனால் எழுந்திருக்காது.

அங்கேயே கார்டின் பெயரையும் பார்த்து இங்கே போடுங்கள். ஏதரோஸ், பிராட்காம், ரியல்டெக், இன்டெல், இதில் எதுவோ அதன் பின்னால் எண்ணும் இருக்கும். அது தெரிந்தால்தான் அடுத்து ஏதாவது சொல்ல முடியும்.

---

கோட்டை சர்வீஸ்

தம்பி, எனக்கு அறுபதை நெருங்குகிறது. வேலூரில் லேப்டாப் மேசை போட்டு ரிப்பேர் பார்க்கிறவன். அதனால் தம்பி என்றே கூப்பிடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் லேப்டாப்புக்கு இருப்பது ஒரு கோளாறு இல்லை. மூன்று தனித்தனிக் கோளாறு, மூன்றும் ஒரே சமயத்தில் வந்து உட்கார்ந்திருக்கின்றன. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெடுத்துவிடுகிறது, அதனால்தான் யார் கை வைத்தாலும் இரண்டு நாள் சரியாகிவிட்டுத் திரும்புகிறது. எல்லாமே வைஃபை பிரச்சினை மாதிரித் தெரிவதால் ஒரே மூட்டையாகக் கட்டிக் கடைக்காரர் முன்னால் வைத்துவிட்டீர்கள், அவரும் மூட்டையைப் பார்த்துவிட்டு மதர்போர்டு என்று சொல்லிவிட்டார்.

முதலில் இன்றைய வேலை நிற்காமல் ஓடட்டும். போனை டேட்டா கேபிளில் லேப்டாப்போடு இணையுங்கள். போன் செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட் இருக்கிற இடத்திலேயே யூஎஸ்பி டெதரிங் என்று ஒன்று இருக்கும், அதை ஆன் பண்ணுங்கள். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில், போன் வைஃபையில் இருந்தால் அந்த வைஃபையையே கேபிள் வழியாக லேப்டாப்புக்குக் கொடுத்துவிடும், மொபைல் டேட்டா செலவாகாது. விண்டோஸ் 7 பெரும்பாலும் தானாகவே கண்டுகொள்ளும். காஞ்சிபுரத்துக்காரருக்கு இப்போதைக்கு இது போதும்.

இப்போது காலையில் வருகிற சான்றிதழ்த் தகராறு. இதற்கும் வைஃபைக்கும் சம்பந்தமே இல்லை. பேட்டரியைக் கழற்றிவிட்டேன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ராத்திரி வேலை முடிந்ததும் பிளக்கை அணைத்துவிடுகிறீர்களா? அப்படியென்றால் லேப்டாப்புக்குள் நேரத்தைக் காப்பாற்ற மிச்சம் இருப்பது மதர்போர்டில் இருக்கிற நாணயம் மாதிரியான சின்ன செல் ஒன்றுதான். சிஆர் 2032 என்று பெயர், 3 வோல்ட். 2012-இல் போட்டது இன்றைக்கு உயிரோடு இருக்காது. அது செத்துப்போனதால் காலையில் திறக்கும்போது லேப்டாப்பின் தேதி பழைய வருடத்துக்குப் போயிருக்கும். ஒவ்வொரு வெப்சைட்டின் சான்றிதழும் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை செல்லும் என்று இருக்கிறது. லேப்டாப் தன்னை 2012 என்று நினைத்துக்கொண்டிருந்தால் எல்லாச் சான்றிதழும் இனிமேல் வரப்போவதாகத்தான் அதற்குத் தெரியும், அதனால் கதவைச் சாத்திவிடும். அடுத்த முறை அந்த எச்சரிக்கை வந்தால் வலது கீழ் மூலையில் இருக்கிற தேதியை மட்டும் பாருங்கள். வருடம் தப்பாக இருந்தால் இந்தச் சங்கதி முடிந்தது. செல் மாற்றுவது சின்னச் செலவு. ஆனால் பல லேப்டாப்களில் அது மஞ்சள் அல்லது கருப்பு உறையில், இரண்டு ஒயரும் குட்டிக் கனெக்டருமாக வரும். கடையில் வெறும் செல்லை வாங்கிவிட்டு ஒயரை ஒட்ட முயற்சி பண்ணாதீர்கள், ஒயரோடேயே கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது ஜன்னல். உங்கள் கேள்வியிலேயே எனக்குப் பிடித்த இடம் இதுதான். ரூட்டருக்கு எதிர்த் திசையில் சிக்னல் நன்றாக வருகிறது என்கிறீர்கள். ஜன்னல் திட்டு எத்தனை அகலம் இருக்கும்? லேப்டாப்பை அங்கே வைத்தால் மூடி கம்பியில் சாய்ந்துகொண்டு நிற்கும், இல்லையா? மேசையில் வைத்தால் மூடி வேறு கோணத்தில் நிற்கும். அந்தக் கோணத்தைத்தான் நான் சந்தேகப்படுகிறேன்.

நிறையப் பேருக்குத் தெரியாது, லேப்டாப்பின் வைஃபை ஆன்டெனா பெரும்பாலும் கீழே இல்லை. கார்டு கீழே இருக்கிறது, ஆன்டெனா மூடிக்குள் திரையின் ஓரத்தில் இருக்கிறது. இரண்டையும் இணைப்பது கருப்பு ஒன்று, வெள்ளை ஒன்று என்று சுமார் ஒரு மில்லிமீட்டர் கனத்தில் இரண்டு கேபிள். அந்தக் கேபிள் மேலே ஏறுகிற வழி கீலுக்குள்ளேதான். உங்கள் கீல் உடைந்து, ஸ்க்ரூ போட்டு ஒட்டியிருக்கிறது. ஒட்டும்போது கேபிள் நசுங்கியிருக்கலாம், மேலே தோல் உரிந்திருக்கலாம், இல்லை கார்டிலிருந்து கழன்ற முனையைத் திரும்ப மாட்டாமலே மூடியிருக்கலாம். மூன்றையும் என் மேசையில் பார்த்திருக்கிறேன்.

திறப்பதற்கு முன்பே கண்டுபிடித்துவிடலாம். போனில் ஹாட்ஸ்பாட் போடுங்கள். அதன் செட்டிங்கில் பேண்டு 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று வையுங்கள், 5 என்று இருந்தால் உங்கள் கார்டுக்குத் தெரியாமல் போகலாம். செக்யூரிட்டி டபிள்யூபிஏ 2 என்று இருக்கட்டும், விண்டோஸ் 7-க்கு டபிள்யூபிஏ 3 தெரியாது. போனை லேப்டாப் பக்கத்தில் ஒரு முழம் தள்ளி வைத்து இணையுங்கள். அந்தத் தூரத்தில் ஐந்து கோடும் நிரம்பி நிற்க வேண்டும். இரண்டு மூன்றுதான் வருகிறதென்றால் ஆன்டெனா இணைப்பு சரியில்லை என்று அர்த்தம். பிறகு போனையும் அசைக்காமல், லேப்டாப்பையும் அசைக்காமல், மூடியை மட்டும் மெதுவாகப் பின்னால் சாய்த்து முன்னால் கொண்டுவாருங்கள். கோடு ஏறி இறங்கினால் கேபிள் கீலில் உடைந்திருக்கிறது. யாரிடமும் கேட்கவே வேண்டாம்.

மூன்றாவது, பெயர் காணாமல் போவது. பக்கத்து வீடு தெரிகிறது, உங்களுடையது மட்டும் தெரியவில்லை என்பதால் இது கார்டு கெட்டுப்போனதால் இல்லை. போனில் வைஃபை அனலைசர் மாதிரி ஒரு ஆப் போட்டுக்கொள்ளுங்கள். லேப்டாப்பில் பெயர் மறைந்திருக்கிற சமயத்தில் உங்கள் ரூட்டர் எந்தச் சேனலில் (ரேடியோ ஸ்டேஷன் மாதிரி அலைவரிசை எண்) இருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள். நன்றாகத் தெரிகிற சமயத்திலும் ஒரு தடவை பாருங்கள்.

காட்பாடித் தம்பி சொன்ன பவர் மேனேஜ்மென்ட் டிக்கையும் எடுத்துவிடுங்கள், கெடுதல் இல்லை.

இன்னொன்று. ரூட்டர் ஹாலில் எங்கே இருக்கிறது? டிவிக்குப் பின்னாலா, இரும்பு பீரோவுக்குப் பக்கத்திலா? நம் ஊர்ப்பக்கம் ஃபைபர் ஆட்கள் ஒயர் வருகிற ஓட்டைக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்த ஓட்டை எப்போதும் பீரோவுக்குப் பின்னாலேயேதான் வந்து சேரும்.

---

ஆரணி டிசைன்

அண்ணா, உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லாவற்றையும் பார்த்த மாதிரி எழுதிவிட்டீர்கள். பீரோவுக்குப் பக்கத்திலேதான் இருக்கிறது. கண்ணாடி வைத்த இரும்பு பீரோ. மனைவி படித்துவிட்டுச் சிரித்தாள்.

டெதரிங் போட்டேன், உடனே வேலை செய்தது. இரண்டு முந்தி அனுப்பியாகிவிட்டது.

தேதியைப் பார்த்தேன். காலையில் 2012 ஜனவரி 1 என்று இருந்தது. மாற்றிவிட்டு ரீஃப்ரெஷ் கொடுத்ததும் எல்லா வெப்சைட்டும் திறந்துகொண்டது. ஆமாம், ராத்திரி பிளக்கை அணைத்துவிடுவேன், அப்பா காலத்துப் பழக்கம்.

ஹாட்ஸ்பாட் பரிசோதனையும் செய்தேன். போன் பக்கத்திலேயே இருந்தும் மூன்று கோடுதான். மூடியை நேராக நிறுத்தினால் ஒன்று ஆகிவிடுகிறது, நன்றாகப் பின்னால் சாய்த்தால் நான்கு வரை போகிறது. பக்கத்து வீட்டுப் பையனையும் கூப்பிட்டுக் காட்டினேன், வேடிக்கையாகத்தான் இருந்தது.

கார்டு பெயர் ஏதரோஸ் ஏஆர் 9285 என்று இருக்கிறது. பெயர் மறைந்திருந்த நேரத்தில் ரூட்டர் சேனல் 13 என்று ஆப் காட்டியது. நன்றாகத் தெரியும் நேரத்தில் 6. இதில் என்ன இருக்கிறது?

---

குடியாத்தம் கணக்கு

13-ஆம் சேனலைப் பார்த்ததும் எழுத வந்துவிட்டேன். எங்கள் ஆபீசில் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுகிற பழைய லேப்டாப் ஒன்று இதே மாதிரிப் படுத்தியது, அதுவும் 20-ஆம் தேதி நெருங்குகிற சமயமாகப் பார்த்து.

2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு நம் நாட்டில் 1 முதல் 13 வரை சேனல் பயன்படுத்தலாம். அமெரிக்காவில் வழக்கத்தில் இருப்பது 11 வரைதான். பழைய கார்டுகள் பலவற்றில் நாடு அமெரிக்கா என்று உள்ளேயே எழுதி வைத்துவிடுவார்கள். அந்தக் கார்டு 12, 13-ஐத் தேடவே தேடாது. ரூட்டரில் சேனல் ஆட்டோ என்று இருந்தால், ஒவ்வொரு தடவை அணைத்துப் போடும்போதும் நெரிசல் குறைவான சேனல் எது என்று பார்த்து அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். அக்கம்பக்கத்தில் எல்லோரும் 1, 6, 11 என்று அடைத்திருந்தால் 13 காலியாகத்தான் இருக்கும். ரூட்டர் அங்கே போகும், உங்கள் லேப்டாப்புக்கு வீட்டில் ரூட்டரே இல்லாத மாதிரி ஆகிவிடும். போன் எல்லாம் 13-ஐயும் பார்க்கும், அதனால் வீட்டில் வேறு யாருக்கும் பிரச்சினை தெரியாது.

ரூட்டரின் பக்கத்தைத் திறங்கள். பெரும்பாலும் 192.168.1.1 என்று பிரவுசரில் அடித்தால் வரும், சிலவற்றில் 192.168.0.1. யூசர்நேம், பாஸ்வேர்டு ரூட்டரின் அடியில் ஸ்டிக்கரில் இருக்கும். வயர்லெஸ் அல்லது டபிள்யூலேன் பகுதியில் 2.4 கிகாஹெர்ட்ஸை எடுத்து, சேனலை ஆட்டோவிலிருந்து மாற்றி 1, 6, 11 மூன்றில் ஒன்றைக் கொடுங்கள். இந்த மூன்றுதான் ஒன்றின் மேல் ஒன்று ஏறாது. ஆப்பில் பார்த்து அக்கம்பக்கத்துக் கூட்டம் குறைந்ததை எடுங்கள். சும்மா 4, 8 என்று நடுவில் வைத்தால் இரண்டு பக்கத்து இரைச்சலும் சேர்ந்து வரும்.

சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் என்று வையுங்கள். செக்யூரிட்டி டபிள்யூபிஏ 2, ஏஇஎஸ். டபிள்யூபிஏ 2, 3 கலந்தது என்று ஒரு தேர்வு இருக்கும், பழைய கார்டுகள் சில அதில் பாஸ்வேர்டு சரியாக இருந்தாலும் சேராது. டிகேஐபி என்று இருப்பதைத் தொடாதீர்கள், அது பாதுகாப்பும் குறைவு, வேகமும் 54 மெகாபிட்டுக்கு மேல் போகாது.

ஏஆர் 9285 கார்டு 2.4 மட்டும்தான். அதனால் பெயருக்குப் பின்னால் 5ஜி என்று ஒட்டியிருக்கிற இன்னொரு பெயர் லேப்டாப்பில் தெரியவில்லை என்று கவலைப்பட வேண்டாம். எங்கள் ஆபீசில் அந்தப் பெயரைப் பார்த்து, நம் சிம்மில் 5ஜி இல்லையே என்று ஒருவர் கேட்டார். இது 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை, அது மொபைல் நெட்வொர்க். இது வேறு, அது வேறு.

---

கோட்டை சர்வீஸ்

குடியாத்தத்துக்காரர் சொன்னதில் கூட்டவும் குறைக்கவும் ஒன்றும் இல்லை.

ஏதரோஸ் 9285 என்றால் தங்கமான கார்டு. தம்பி, அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், யாராவது புதுக் கார்டு போடலாம் என்றாலும் கேட்காதீர்கள். சில கம்பெனி லேப்டாப்களில் பயாஸ் (லேப்டாப்பை ஆன் பண்ணியதும் முதலில் ஓடுகிற உள் சாஃப்ட்வேர்) தனக்குத் தெரிந்த கார்டு இல்லையென்றால் திறக்கவே விடாது. கார்டை மாற்றிய பிறகு கருப்புத் திரையில் எழுத்து வந்து நின்றுவிடும்.

ஆன்டெனாவைப் பார்க்க இப்போது கீழ் மூடியைத் திறக்க வேண்டும். நீங்களே செய்வதானால் முதலில் பிளக்கை எடுத்துவிட்டு, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து உள்ளே தேங்கிய மின்சாரத்தை விடுங்கள். கழற்றுகிற ஸ்க்ரூவை ஒரு தட்டில், எந்த இடத்தில் இருந்ததோ அந்த மாதிரியே வரிசையாக வையுங்கள். நீளம் வேறு வேறாக இருக்கும். நீளமான ஸ்க்ரூவைச் சின்ன இடத்தில் போட்டால் மேலே கீபோர்டைக் குத்திவிடும்.

கார்டு தீப்பெட்டியைவிடச் சின்னதாக இருக்கும், ஓரத்தில் தங்க நிறத்தில் இரண்டு பொட்டு. அதன் மேல்தான் கேபிளின் முனை உட்காரும். மாட்டும்போது பக்கவாட்டில் தள்ளாமல் மேலிருந்து நேராக அழுத்தினால் சின்னதாக ஒரு டக் கேட்கும். இந்தக் கனெக்டர் 30 தடவை மாட்டிக் கழற்றத்தான் கணக்குப் போட்டுச் செய்தது, சும்மா விளையாட்டுக்குக் கழற்றாதீர்கள்.

என்ன இருந்தது என்று எழுதுங்கள்.

---

ஆரணி டிசைன்

நேற்று ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அக்கா பையனோடு உட்கார்ந்து திறந்தோம். அவன் பாலிடெக்னிக் படிக்கிறான், கை நடுங்காது.

வெள்ளை கேபிள் கார்டில் ஒழுங்காக மாட்டியிருந்தது. கருப்பு கேபிள் கழன்று, ஃபேன் பக்கத்தில் சும்மா கிடந்தது. முனையில் தூசி அடைந்திருந்ததால், கீல் ஒட்டின நாளிலிருந்தே அப்படித்தான் இருந்திருக்கும் போல. வெள்ளை கேபிளை மேல் நோக்கித் தொடர்ந்து பார்த்தோம். கீல் இடத்தில் அவர்கள் போட்ட ஸ்க்ரூவின் தலைக்கு அடியில் மாட்டி, தட்டையாகிப் போயிருந்தது. தோல் உரிந்து உள்ளே செம்பு வலை தெரிந்தது, ஓரம் பச்சையாக ஆரம்பித்திருந்தது. மூடியைச் சாய்க்கும்போது அது கொஞ்சம் விலகுகிறது, நிமிர்த்தினால் ஸ்க்ரூவில் தொடுகிறது. பையன் டார்ச் அடித்துக் காட்டினான்.

இப்போதைக்குக் கருப்பை மாட்டிவிட்டு, வெள்ளையை ஸ்க்ரூவிலிருந்து விடுவித்து மேலே டேப் சுற்றி மூடிவிட்டோம். சேனலை 11 என்று வைத்தேன். ரூட்டரை பீரோ பக்கத்திலிருந்து எடுத்து வாசல் நிலைக்கு மேலே மாட்டச் சொல்லி ஃபைபர் பையனிடம் கேட்டிருக்கிறேன், வருகிறேன் என்கிறான், வரவில்லை. அதற்கு முன்பே பின்கட்டு மேசையில் மூன்று கோடு நிற்கிறது. ஒரு பெரிய ஃபைல் அனுப்பினேன், நடுவில் அறுக்கவில்லை.

இரண்டு சந்தேகம். கருப்பு, வெள்ளை இடம் மாறி மாட்டியிருந்தால் ஏதாவது ஆகுமா? வெள்ளை கேபிளை அப்படியே விடலாமா, மாற்ற வேண்டுமா?

---

கோட்டை சர்வீஸ்

இடம் மாறினால் எதுவும் எரியாது. கார்டிலேயே 1, 2 என்றோ வெள்ளை முக்கோணம், கருப்பு முக்கோணம் என்றோ அச்சிட்டிருக்கும். 1 என்பது மெயின், அதில் வெள்ளையை மாட்டுவது வழக்கம். உங்கள் கார்டு ஒரு சமயத்தில் ஒரே வரிசையில்தான் தரவு அனுப்பும், இரண்டாவது ஆன்டெனா துணைக்குத்தான். அதனால் எது நல்ல கேபிளோ அதை மெயினில் மாட்டுங்கள். உங்கள் வீட்டுக் கதைக்குக் கருப்பை 1-இல் மாட்டினால் கோடு இன்னும் ஒன்று ஏறலாம், பாருங்கள்.

வெள்ளையை மாற்றத்தான் வேண்டும். டேப் சுற்றியது மழைக்காலம் வரை தாங்கும். பச்சை ஏற ஆரம்பித்த செம்பு நிற்காது. ஆன்டெனா ஜோடி புதிதாகத் தேடி அலைய வேண்டாம், உடைந்த லேப்டாப் மூடி எந்தக் கடையிலும் கிடக்கும், அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். சென்னை போகிறவர் யாராவது இருந்தால் ரிச்சி தெருவில் கேட்கச் சொல்லுங்கள். முனை அதே அளவா என்று மட்டும் பார்க்கணும்.

ஆனால் ஒன்று, அந்தக் கீல் வழியாகத் திரும்பவும் விடாதீர்கள். ஒட்டுப் போட்ட கீல் இன்னொரு தடவை உடையும், திரும்பவும் கேபிளைத்தான் தின்னும். நான் இப்படிப்பட்ட கேஸில் ஆன்டெனாவை மூடிக்குக் கொண்டுபோவதில்லை. கை வைக்கிற இடத்துக்கு அடியில், பிளாஸ்டிக் இருக்கிற பக்கமாகப் பார்த்து, இரண்டையும் ஒன்றுக்கொன்று தள்ளி டபுள் டேப் போட்டு ஒட்டிவிடுவேன். இரும்புத் தகடு இருக்கிற இடத்தில் மட்டும் ஒட்டக் கூடாது. மூடிக்குள் இருக்கும் அளவுக்கு வராது, ஆனால் உங்கள் பின்கட்டுக்குப் போதும், கீல் உடைந்தாலும் கவலை இல்லை.

திறக்கும்போதே சிஆர் 2032-ஐயும் மாற்றிவிடுங்கள், இரண்டு தடவை திறக்க வேண்டாம்.

---

டெக் தம்பி

சரி, கீல் கதை சூப்பர். ஆனால் 500 ரூபாய்க்கு யூஎஸ்பி வைஃபை டாங்கிள் வாங்கிச் செருகியிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்குமே?

---

கோட்டை சர்வீஸ்

முடிந்திருக்கும், தம்பி. சேனல் 13-இல் அதுவும் காணாமல் போயிருக்கலாம், காலையில் சான்றிதழ்த் தகராறும் அப்படியே இருந்திருக்கும். டாங்கிள் கெட்ட யோசனை இல்லை. கேபிள் கிடைக்காவிட்டால் நானே அதைத்தான் சொல்வேன். ஆனால் வாங்கும்போது விண்டோஸ் 7 டிரைவர் இருக்கிறதா என்று பெட்டியில் பார்க்கணும். புதிதாக வருகிற வைஃபை 6 டாங்கிள் பலவும் 10, 11-க்கு மட்டும்தான். அப்புறம் அவரிடம் யூஎஸ்பி இடமும் கம்மி. லாக் ஒன்று, மவுஸ் ஒன்று, பென் டிரைவ் ஒன்று.

ஆரணித் தம்பி, ஒரு விஷயத்தில் மட்டும் அந்தப் பையன் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள். விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்பு அப்டேட் வருவதில்லை. குரோம் 109-தான் அதற்குக் கடைசி. டிசைனுக்கும் ஃபைல் அனுப்பவும் வைத்துக்கொள்ளுங்கள், பேங்க் வேலையைப் போனில் பாருங்கள். சாஃப்ட்வேர், டிசைன் எல்லாம் இருக்கிற ஹார்ட் டிஸ்கை அப்படியே ஒரு வெளி டிஸ்கில் இமேஜ் (முழு நகல்) எடுத்து பீரோவில் வையுங்கள். கார்டு போனால் வாங்கலாம், அந்த டிஸ்க் போனால் வாங்க முடியாது.

---

ஆரணி டிசைன்

கருப்பை 1-இல் மாட்டினேன், நான்கு கோடு. ஒயர் வைத்த செல் ஆற்காட்டில் ஒரு கடையில் இருக்கிறது என்று சொன்னார்கள், சனிக்கிழமை போகிறேன். டிஸ்க் இமேஜ் பையன் எடுத்துத் தருகிறேன் என்றிருக்கிறான். எல்லோருக்கும் நன்றி. அண்ணா, வேலூர் வந்தால் கடைக்கு வருகிறேன்.

---

வாலாஜா ஸ்டேஷன்

இதே பிரச்சினை எனக்கும் இருக்கிறது, ஆனால் விண்டோஸ் 10. நானும் மூடியைச் சாய்த்துப் பார்த்தேன், ஒன்றும் மாறவில்லை. என்ன செய்யலாம்?

---

கோட்டை சர்வீஸ்

மூடியைச் சாய்த்து மாறவில்லையென்றால் உங்களுக்கு இதே பிரச்சினை இல்லை. தனியாக ஒரு திரி போடுங்கள். கார்டு பெயர், ரூட்டர் சேனல், பட்டியலில் பெயர் தெரிகிறதா, தெரிந்தும் சேரவில்லையா, சேர்ந்தும் அறுகிறதா, இவ்வளவும் எழுதுங்கள். லேப்டாப் எப்போது, யார் கையால் திறந்தது என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.